மிதித்துப் போன உத்தியோகம்: அளவெட்டியும் துவிச்சக்கரவண்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்குப் பகுதியில், யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள அளவெட்டி, தவில் மேதை தெட்சணாமூர்த்தியையும் நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனையும் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியையும் தந்த ஊராகவே தமிழ் வாசகர்களுக்குப் பெரிதும் அறிமுகமானது. கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலும் செம்மண் தோட்டங்களும் அருணோதயக் கல்லூரியும் அந்த ஊரின் மற்ற அடையாளங்கள். இவற்றைப் பற்றி எழுதப்பட்டுள்ள அளவுக்கு, அந்த ஊரவர்கள் நாள்தோறும் தங்கள் தொழிலிடங்களுக்கு எவ்வாறு போய்வந்தனர் என்பது எழுதப்படவில்லை. அளவெட்டியையும் அதனைச் சூழ்ந்த மல்லாகம், தெல்லிப்பழை, சுன்னாகம், பண்டத்தரிப்பு முதலிய ஊர்களையும் பொறுத்தவரை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தக் கேள்விக்கான விடை துவிச்சக்கரவண்டி என்பதே. ஊரை விட்டு நீங்காமல் உத்தியோகம் பார்ப்பதையும், தோட்டத்தைக் கைவிடாமல் சம்பளம் பெறுவதையும் ஒரே குடும்பத்துக்கு ஒருங்கே இயலச் செய்தது இந்த வண்டியே ஆகும்; இக்கட்டுரை நிறுவ முனைவதும் அதுவே.

நிலமும் தொலைவும் காற்றும்

துவிச்சக்கரவண்டி ஒரு நாட்டில் வேரூன்றுவதற்கு வண்டியின் விலை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நிலத்தின் அமைப்பு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்த தட்டையான நிலம். அதன் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்கு மேல் உயர்வதில்லை. மலையோ பள்ளத்தாக்கோ குறுக்கிடுவதில்லை. ஆகவே கண்டி, நுவரெலியா போன்ற மலைநாட்டுப் பகுதிகளில் மிதிப்பவரின் மூச்சை வாங்கிவிடும் ஏற்றம் எதுவும் இங்கே இல்லை. பற்சக்கரங்களை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கியர் பொறிமுறை இல்லாத சாதாரண வண்டியே போதுமானதாக இருந்தது.

தொலைவுகளும் வண்டிக்கு ஏற்றவையாக அமைந்திருந்தன. அளவெட்டியிலிருந்து கிழக்கே மல்லாகத்தை அடைந்தால், யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறையையும் இணைக்கும் நெடுஞ்சாலை வந்துவிடும். அச்சாலையில் தெற்கே திரும்பினால் சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில் ஆகிய ஊர்களைக் கடந்து யாழ்ப்பாண நகரம். வடக்கே திரும்பினால் தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. நிதானமாக மிதிக்கும் ஒருவர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் வரை செல்லக்கூடியவர் என்பதால், நகரத்திலிருந்த கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் மாவட்டச் செயலகம், பெரியாஸ்பத்திரி, வங்கிகள், பெருங்கடைகள் ஆகிய யாவும் ஏறக்குறைய ஒரு மணி நேர மிதிப்பில் எட்டக்கூடியவையாக இருந்தன. நடையில் போனால் போவதற்கே மூன்று மணி நேரம் செலவாகும் அதே வழி, வண்டியில் போகும்போது நாளாந்தம் போய்வரக்கூடிய வழியாக மாறியது. ஓர் ஊரின் தொழில் எல்லை இவ்வாறு ஒரே தலைமுறையில் மூன்று நான்கு மடங்கு விரிவது சமூக வரலாற்றில் சிறிய மாற்றமன்று.

நிலம் துணைநின்றாலும் காற்று எப்போதும் துணைநிற்கவில்லை. குடாநாட்டின் ஆண்டு இரண்டு காற்றுகளால் பகுக்கப்படுகிறது: வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை. அளவெட்டியிலிருந்து தெற்கு நோக்கி நகரத்துக்குச் செல்பவருக்குச் சோளக காலத்துக் காலைப் பயணம் எதிர்காற்றில் நெஞ்சைக் கொடுத்து மிதிக்க வேண்டிய பயணமாகவும், மாலைப் பயணம் காற்றே முதுகில் தள்ளிவிடும் பயணமாகவும் அமைந்தன. வாடைக் காலத்தில் இந்த முறை தலைகீழானது, அதனுடன் மாரி மழையும் சேர்ந்துகொண்டது. தார் போடப்படாத ஒழுங்கைகளில், அதாவது இருபுறமும் வேலி அடைத்த ஒடுங்கிய ஊர்ப்பாதைகளில், நனைந்த செம்மண் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே அடைந்து சில்லைச் சுற்றவிடாமல் தடுப்பதும், வண்டியை நிறுத்தித் தடியால் மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு மீண்டும் புறப்படுவதும் மாரிகாலத்து வழமைகளாக இருந்தன.

வண்டியின் வரவு

இன்று உலகெங்கும் காணப்படும் வடிவிலான துவிச்சக்கரவண்டி, இரண்டு சில்லுகளும் ஒத்த அளவினதாக, பின்சில்லு சங்கிலியால் இயங்குவதாக, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவரால் உருவாக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயரை உருவாக்கிய பின்னரே அது நெடுந்தூரப் பயணத்துக்கு உரிய வாகனமாயிற்று. குடியேற்ற ஆட்சியின் வணிக வழிகளினூடாக இலங்கைக்கு வந்த இவ்வண்டிகள் தொடக்கத்தில் வெள்ளை அதிகாரிகளிடமும் மிஷனரிமாரிடமும் வசதி படைத்த சிலரிடமும் மட்டுமே இருந்தன. பின்னர் றலி, ஹம்பர், றட்ஜ், ஹெர்குலிஸ் ஆகிய ஆங்கிலேயத் தயாரிப்புகள் யாழ்ப்பாணத்தின் எழுதுவினைஞர், ஆசிரியர், சிறு வணிகர் ஆகியோரின் வீடுகளுக்குள் படிப்படியாக நுழைந்தன. இவற்றுள் றலி என்ற பெயர் தரத்துக்கான அளவுகோலாகவே ஆகிவிட்டதுடன், தகப்பன் ஓடிய றலியை மகனும் ஓடும் அளவுக்கு அதன் இரும்பு நீடித்து உழைத்தது.

வண்டி பரவிய அதே காலத்திலேயே புகையிரதமும் வந்தது. 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தொடங்கிய சேவை 1905ஆம் ஆண்டில் கொழும்புடன் இணைக்கப்பட்டது. மல்லாகத்திலும் தெல்லிப்பழையிலும் நிலையங்கள் அமைந்தன. புகையிரதமும் துவிச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று விலக்கவில்லை. கொழும்பிலும் அநுராதபுரத்திலும் உத்தியோகம் பார்த்தவர்கள், 1956ஆம் ஆண்டில் தொடங்கிய யாழ்தேவி உள்ளிட்ட வண்டிகளில் ஊர் திரும்பியபோது, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான வழியைக் கடந்தது பெரும்பாலும் உறவினர் ஒருவரின் துவிச்சக்கரவண்டியில்தான். பெட்டி கரியரில் ஏறும், பயணி முன்பாரில் இருப்பார். தனியார் பஸ்களும், 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்ட பின்னர் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களும் பிரதான வீதிகளில் ஓடினபோதிலும், பிரதான வீதியிலிருந்து விலகியிருந்த உள்ளூர்களுக்கு அவற்றின் நேரமும் வழியும் முழுதாகப் பொருந்தவில்லை. தான் விரும்பிய நேரத்தில், தன் வீட்டுப் படலையிலிருந்து தொழிலிடத்தின் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம் இது ஒன்றாகவே இருந்தது.

உள்ளூராட்சி மன்றங்கள் இந்த வண்டிக்கு ஆண்டுதோறும் வரி விதித்தன. முன்னர் கிராமச் சபைகளும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்துக்குப் பின்னர் பிரதேச சபைகளும் இந்த வரியை அறவிட்டன. வணிகத்துக்குப் பயன்படும் வண்டிக்கு ஒரு தொகையும் ஏனைய வண்டிகளுக்கு அதிலும் குறைந்த தொகையும் எனச் சட்டத்திலேயே வேறுபாடு செய்யப்பட்டிருந்தமை, துவிச்சக்கரவண்டியை அரசு வெறும் சொந்த உடைமையாகக் கருதாமல் தொழிற்கருவியாகவும் ஏற்றுக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது.

தோட்டமும் சம்பளமும்

வலிகாமத்தின் செம்மண் நிலம் கிணற்று நீரால் வாழ்வது. வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, மரக்கறி ஆகிய பயிர்களுக்குத் துலாவால் நீர் இறைத்த காலத்தில் ஒரு தோட்டத்தின் இறைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பல மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது. நாட்டின் சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபோது அந்த உழைப்பு குறைந்தது. விடியற்காலையில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு, குளித்து, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பாடசாலைக்கோ கந்தோருக்கோ வண்டியை மிதிப்பதும், மாலையில் திரும்பியவுடன் மீண்டும் தோட்டத்துக்குள் இறங்குவதும் இவ்விரு கருவிகளும் சேர்ந்ததால் இயன்ற வாழ்க்கை முறையாகும். இயந்திரம் நேரத்தை மீதப்படுத்தியது. அப்படி மீதமான நேரத்துக்குள் தொழிலிடத்தைக் கொண்டுவந்தது வண்டி.

இந்த வாழ்க்கை முறைக்கு வலுச்சேர்த்த நிறுவனங்கள் பல அளவெட்டியிலிருந்து மிதிக்கக்கூடிய தூரத்துக்குள் இருந்தன. 1910ஆம் ஆண்டில் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும், அமெரிக்க மிஷன் மரபில் வந்த யூனியன் கல்லூரியும், மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியும் ஆசிரியர்களுக்கு வேலை தந்தன. மல்லாகத்தில் நீதிமன்றமும் சுன்னாகத்தில் மின்நிலையமும் பெருஞ்சந்தையும் இருந்தன. 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் தொடங்கப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை, குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லையே மூலப்பொருளாகக் கொண்டு இயங்கிய, வடக்கின் மிகப் பெரிய கைத்தொழில் நிறுவனமாக இருந்தது. இரவு பகலாக முறைமாற்றி வேலை நடக்கும் அத்தகைய தொழிற்சாலைக்குச் சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர்கள் பஸ் ஓடாத நேரங்களிலும் போய்வர வேண்டியிருந்தமையால், சில்லோடு உராய்ந்து சுழன்று மின்சாரம் தரும் டைனமோவும் அதனால் ஒளிரும் முன்விளக்கும் வண்டியின் அலங்காரமாக இல்லாமல் தேவையாகவே இருந்தன.

விளைபொருளும் இதே வண்டியில்தான் சந்தைக்குப் போனது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் முன்னெப்போதும் காணாத விலையைப் பெற்றனர். கரியரில் சாக்கு மூட்டையை வைத்து, பழைய ரியூபைக் கிழித்த இறப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டி, சுன்னாகச் சந்தைக்கு விடியுமுன்பே போய்ச் சேரும் வண்டிகள் அந்தச் செழிப்பின் கண்கண்ட சான்றுகளாக இருந்தன. அதே இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதிய வண்டிகளும் உதிரிப்பாகங்களும் அரிதாகிவிட்டமையால், ஊர்ச் சந்திகளிலிருந்த திருத்தகங்களின் பணி பெருகியது. ரியூபுக்கு ஒட்டுப்போடுதல், சில்லின் கம்பிகளை முறுக்கி நெளிவு எடுத்தல், போல்ஸ் மாற்றிக் கிறீஸ் பூசுதல் ஆகிய வேலைகளைச் செய்த கைவினைஞர் ஒருவர் இல்லையெனில், அவ்வட்டாரத்து ஆசிரியரும் தொழிலாளரும் மறுநாள் வேலைக்கு நேரத்துக்குப் போயிருக்க முடியாது.

வண்டி யாருடையது

துவிச்சக்கரவண்டியின் பயன் எல்லாருக்கும் ஒரே காலத்தில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள் நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மரபுவழியாகச் சேவகம் செய்யக் கட்டுப்பட்டிருந்த குடிமை முறை, அவர்களின் உழைப்பை ஓர் ஊரின் எல்லைக்குள் அடைத்து வைத்திருந்தது. பழைய வண்டி ஒன்றையாவது வாங்க முடிந்த ஒரு தொழிலாளி அயலூரில் மேசன் வேலைக்கோ நகரத்தில் கூலி வேலைக்கோ போய், நாட்சம்பளத்தைக் கையில் பெற்று, இரவில் தன் வீட்டுக்குத் திரும்பிவிட முடிந்தபோது, அந்தக் கட்டு தளர்வதற்கு வண்டியும் ஒரு காரணமாயிற்று என்று கருதலாம். அளவெட்டிக்கு அருகிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் போன்ற எழுச்சிகளுக்குக் கல்வியும் அரசியல் அமைப்புகளுமே முதன்மைக் காரணங்கள். ஆயினும் பிழைப்புக்காக ஊர்ப் பெரியவர் ஒருவரின் தயவை நம்பியிருக்கத் தேவையில்லாத வருமானம் அத்தகைய துணிவுக்கு அடித்தளமாக அமைந்ததை வரலாற்றாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

பெண்களின் நிலையிலும் இதற்கு ஒப்பான மாற்றம் நிகழ்ந்தது. முன்பார் இல்லாமல் தாழ்வாக வளைந்த சட்டமுடைய பெண்களுக்கான வண்டிகளில் பாடசாலை மாணவிகளும், பின்னர் ஆசிரியைகளும் தாதியரும் எழுதுவினைஞர்களும் நெடுவழி சென்றுவருவது குடாநாட்டின் இயல்பான காட்சியாயிற்று. 1974ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக வளாகம், 1979ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக ஆனபின், வலிகாமத்து ஊர்களிலிருந்து மாணவர்களும் மாணவிகளும் நாள்தோறும் மிதித்து வரும் இடங்களுள் ஒன்றாயிற்று. அதன் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவரும் முறிந்த பனை என்ற நூலின் ஆசிரியர்களுள் ஒருவருமான ராஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டது, பல்கலைக்கழகப் பணி முடிந்து துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோதாகும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்துடன் வண்டியோட்டவும் கற்பித்துப் பெரும் சமூக மாற்றத்தை உண்டாக்கியது. யாழ்ப்பாணத்தில் அத்தகைய இயக்கம் ஏதுமின்றியே, கல்வியும் உத்தியோகமும் தந்த தேவையால் பெண்கள் வண்டியேறினர்.

எரிபொருள் அற்ற ஆண்டுகள்

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான புகையிரத சேவை நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. வலிகாமம் வடக்கின் கரையோர ஊர்களிலிருந்து மக்கள் வெளியேறினர். மின்சாரம் அற்றுப்போனது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையால் பெற்றோல், டீசல், மின்கலம், வாகன உதிரிப்பாகங்கள் உள்ளிட்ட பல பொருள்கள் குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டது. மோட்டார் வாகனங்களுள் சில மண்ணெண்ணெயில் ஓடினபோதிலும் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போனமையால், மருத்துவர், பேராசிரியர், நீதிமன்ற உத்தியோகத்தர், கூலித் தொழிலாளர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் மிதித்தே வேலைக்குப் போயினர். நோயாளியை வைத்தியசாலைக்கும், விறகைச் சந்தைக்கும், நெல்லை ஆலைக்கும் கொண்டுசென்றது இதே வண்டிதான்; வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் இக்காலத்தில்தான். ரயர் கிடைக்காதபோது கிழிந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்து ஓடினர். ஆனையிறவு வழி அடைபட்டிருந்த ஆண்டுகளில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தவர்கள் வண்டிகளையும் படகில் ஏற்றிச்சென்று, அக்கரையிலிருந்து வன்னிநிலத்தின் நெடும்பாதைகளை மிதித்தே கடந்தனர்.

1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்தக் கூட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களின் எஞ்சிய உடைமை முழுவதும் ஒரு துவிச்சக்கரவண்டியின் கரியரிலும் கைபிடியிலும் தொங்கியது. நெரிசலில் ஓட்ட இடமின்றி வண்டியை உருட்டியே சென்றனர். 1996இல் ஊர் திரும்பிய பின்னர் சோதனைச்சாவடிகள் நாளாந்தப் பயணத்தின் பகுதியாயின. ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வண்டியை உருட்டிக்கொண்டு நடந்து, மீண்டும் ஏறிச் செல்ல வேண்டியிருந்தமையால் ஒரு மணி நேரப் பயணம் எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல முடியாதிருந்தது. தங்கள் நிலம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால் மல்லாகம், சுன்னாகம் பகுதிகளிலிருந்த முகாம்களில் தங்கியிருந்தவர்களுக்கு, கூலி வேலை தேடிப் பிற ஊர்களுக்குச் செல்வதற்கு இருந்த மூலதனம் பெரும்பாலும் ஒரு பழைய வண்டி மட்டுமே. குடாநாட்டை நாட்டின் ஏனைய பகுதிகளுடன் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது இந்தச் சார்பு மறுபடியும் கூடியது.

பின்வாங்கலும் மீள்வரவும்

2009இல் போர் முடிந்து நெடுஞ்சாலை திறந்ததும், தவணைக் கட்டண முறையில் மோட்டார் சைக்கிள்கள் ஊர்களுக்குள் பெருகின; 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. பிரதான வீதிகள் அகலமாக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டபோது அவற்றில் ஓடும் வாகனங்களின் வேகமும் கூடியது; ஒரு காலத்தில் வீதியின் உரிமையாளராக இருந்த துவிச்சக்கரவண்டிக்காரர் அதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். முதியவர்கள், மாணவர்கள், கூலித் தொழிலாளர்கள் ஆகியோர் மட்டுமே நெடுந்தூரம் மிதிப்பவர்களாக எஞ்சினர்.

ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பழைய பாடத்தை மீண்டும் நினைவூட்டியது. அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் இறக்குமதி குலைந்து, ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்து, பாடசாலைகளும் மூடப்பட்டபோது, நாடு முழுவதிலும் துவிச்சக்கரவண்டியின் விலை பலமடங்கு ஏறியது. கொழும்பு வாசிகளுக்கு அது புதிய அனுபவம். யாழ்ப்பாணத்து மக்களோ கோடிப்புறத்தில் சாய்த்து வைத்திருந்த வண்டிகளை எடுத்துக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, தாங்கள் ஏற்கெனவே அறிந்த வழியில் வேலைக்குப் போயினர்.

நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் புகையிரதமும் பஸ்ஸும் மோட்டார் வாகனமும் ஒவ்வொரு காலத்தில் ஓடாமல் நின்றிருக்கின்றன. துவிச்சக்கரவண்டி மட்டும் எக்காலத்திலும் நிற்கவில்லை. அதனால்தான் அளவெட்டி போன்ற ஊர்கள், தங்கள் ஆசிரியரையும் எழுதுவினைஞரையும் தொழிலாளரையும் நகரத்துக்கு முற்றாக இழந்துவிடாமல், தோட்டமும் கோயிலும் கலையும் உள்ள ஊர்களாகவே நீடிக்க முடிந்தது. இந்த வரலாற்றின் சான்றுகள் பெரும்பாலும் அரச ஆவணக் காப்பகங்களில் இல்லை. வரிப் பற்றுச்சீட்டுகளாகவும், திருத்தகங்களின் கணக்குக் கொப்பிகளாகவும், மிதித்து வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளாகவும் வீடுகளிலேயே உள்ளன. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் அவற்றைச் சேர்ப்பிப்பது ஊரவர்களின் கடமை. அகலமாக்கப்பட்ட வீதிகளின் ஓரத்தில் மிதித்துச் செல்வோருக்கெனத் தனிப்பாதை ஒதுக்குவது உள்ளூராட்சி மன்றங்களுக்கும் வீதி அபிவிருத்திக்குப் பொறுப்பானவர்களுக்கும் உரிய கடமை. அடுத்த நெருக்கடி வரும்வரை இவ்விரண்டையும் ஒத்திப்போடலாகாது.